நிக்காஹ் தப்தர் முதல் விமான நிலையம் வரை

 

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், மஃரிப் தொழுகை முடிந்து பிள்ளைகளுக்குக் கிதாபு சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், தம் மகளையும் ஒரு துணிப்பையையும் உடன் அழைத்துக்கொண்டு மதரஸா வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், நீங்கள் பி.ஏ. படித்தவர்கள். இந்தக் காகிதங்களைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அந்தப் பெண்ணுக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாப்பிள்ளை ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் பொருள்காப்பாளர். "கணவருடன் எத்தனை நாள் இருந்தாய், அம்மா?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவில்லை. "எழுபத்தொரு நாள்" என்றாள். எண்ணி வைத்திருந்தாள்.

பையைத் திறந்து பார்த்தேன். அரசுத் திருமணப் பதிவுச் சான்றிதழ் இருந்தது. இருவரின் பாஸ்போர்ட்டிலும் பெயர்கள் சரியாக இருந்தன. மாப்பிள்ளைக்கு மாதம் ஐயாயிரம் திர்ஹத்துக்கு மேல் சம்பளம். பின் என்ன தடை? அறைத் தோழர்கள் சொன்ன ஒரு சொல்தான் தடை. "நம்மைப் போன்ற வேலைக்காரருக்குக் குடும்ப விசா கிடையாது, மானேஜர், இன்ஜினீயர் போன்றவர்களுக்குத்தான்" என்று அவர்கள் கூறியதை அவர் நம்பிவிட்டார். அது ஒரு காலத்தில் உண்மை. ஆனால் 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேயே ஐக்கிய அரபு அமீரகம் தொழிலின் பெயரைப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிட்டு, வருமானத்தை மட்டும் பார்க்கும் விதியைக் கொண்டுவந்துவிட்டது. பழைய விதியைக் கேள்விப்பட்டு, புதிய விதியை விசாரிக்காமலேயே ஓர் இளம் குடும்பம் மூன்று ஆண்டுகளை இழந்திருக்கிறது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த எழுபத்தொரு நாள்தான்.

நீண்ட பிரிவு பற்றி

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நீங்கள் பயான்களில் கேட்டிருப்பீர்கள். இரவில் மதீனாவின் தெருக்களில் நடந்து சென்ற அவர்கள், போருக்குச் சென்ற கணவனை நினைத்து ஒரு பெண் தனிமையில் புலம்புவதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஜ்ரத் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று வினவினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதன்பின் படைவீரர்களை அக்காலத்துக்கு மேல் தடுத்து வைக்கக் கூடாது என்று தளபதிகளுக்குக் கட்டளை சென்றது.

ஒரு பேரரசின் எல்லைக் காவலைக் காட்டிலும் ஒரு பெண்ணின் தனிமை பெரிதாக எண்ணப்பட்ட சமுதாயம் நம்முடையது. ஆனால் இன்று நம் கடற்கரை ஊர்களில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வந்து போவதையே இல்லறம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். வறுமையால் அவ்வாறு வாழ்வோர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பின்னர் கூறுவேன். வழி இருந்தும் அறியாமையாலும் அலட்சியத்தாலும் பிரிந்து வாழ்வோரிடமே முதலில் பேச விரும்புகிறேன். மனைவியை அழைத்துக்கொள்ளும் வேலை விசாவுக்கு மனுச் செய்யும் நாளில் தொடங்குவதன்று. நிக்காஹ் பேசும் நாளிலேயே அது தொடங்கிவிட வேண்டும்.

பெண் கேட்கும்போது கேட்க வேண்டியவை

மாப்பிள்ளை சபராளி என்றால் பெண் வீட்டார் என்ன கேட்கிறார்கள்? எந்த நாடு, எவ்வளவு சம்பளம், எத்தனை பவுன். இவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். "எங்கள் பெண்ணை அழைத்துக்கொள்வீர்களா? எத்தனை மாதத்தில்?" என்று கேட்பதற்கு நாணுகிறார்கள். கேட்டால் சம்பந்தம் கைநழுவிவிடுமோ என்ற அச்சம்.

பெண்ணின் வலியாக இருப்பவர் அஞ்சாமல் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட சம்பளம் எவ்வளவு? தங்குமிடம் நிறுவனம் தருவதா, சொந்த வாடகையா? விசா முடியும் தேதி எது? மனைவியை அழைத்துக்கொள்ள எண்ணமுண்டா, இல்லையெனில் எத்தனை ஆண்டுகளில் ஊர் திரும்ப எண்ணம்? நேர்மையான இளைஞர் இவற்றுக்கு மனம் கோணாமல் பதில் சொல்வார். "இப்போது இயலாது, இரண்டாண்டு ஆகும்" என்று ஒருவர் சொன்னால், பொய் சொல்லிப் பெண் எடுப்பவரைவிட அவர் மேலானவர் என்று கருதுங்கள்.

பையனின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "மருமகள் போய்விட்டால் வீட்டுக்குப் பணம் வராது" என்ற கவலை பல வீடுகளில் வாய்விட்டுச் சொல்லப்படாமல் இருக்கிறது. அதுவே பல விசாக்களைத் தடுத்தும் வைத்திருக்கிறது. அந்தக் கவலை நியாயமற்றதன்று. ஆகவே மகன் தன் உம்மாவையும் வாப்பாவையும் அமரவைத்து, மாதம் இவ்வளவு தொகை உங்களுக்குத் தவறாமல் வரும் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவ்வாறு பேசி முடிக்கப்பட்ட வீடுகளில் மருமகளைக் கண்ணீரின்றி வழியனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

என் கையால் நேர்ந்த பிழை

எங்கள் மஹல்லாவின் நிக்காஹ் தப்தரை எழுதும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. தொடக்க காலத்தில் என் கையால் ஒரு பிழை நேர்ந்தது. மணப்பெண்ணின் பெயரை அவளுடைய மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். வீட்டில் அழைக்கும் வழக்கப்படி அவர் "பீவி" என்று முடித்தார். நானும் அவ்வாறே எழுதினேன். பாஸ்போர்ட்டில் அப்பெயர் "பேகம்" என்று முடிந்திருந்தது. எனது தப்தரைப் பார்த்துப் பதிவு அலுவலகத்திலும் "பீவி" என்றே பதிந்தார்கள். சான்றிதழும் பாஸ்போர்ட்டும் வெவ்வேறு பெண்ணைக் காட்டுவதாகக் கூறி மனு திரும்பி வந்தது. திருத்தம் பெற ஐந்து மாதங்கள் ஆயின. அந்தப் பெண்ணின் வாப்பா ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாமல், திரும்பி வந்த காகிதத்தை மட்டும் என் முன் வைத்தார். அன்று நான் வெட்கியது போல் என்றும் வெட்கியதில்லை.

அன்று முதல் மணமக்கள் இருவரின் பாஸ்போர்ட்டையும் பார்க்காமல் நான் தப்தரில் பேனா வைப்பதில்லை. தப்தர் எழுதும் ஏனைய சகோதரர்களுக்கும் இதையே வேண்டிக்கொள்கிறேன். கடனைக்கூட எழுதி வைத்துக்கொள்ளுமாறு, தன் வசனங்களில் மிக நீண்ட வசனத்தால் கட்டளையிடுகிறது திருக்குர்ஆன். அப்படியிருக்க, ஒரு வாழ்நாள் ஒப்பந்தத்தை நாம் எவ்வளவு கவனத்துடன் எழுத வேண்டும்!

மூன்று இடங்களில் பிழை அதிகம் நேர்கிறது.

முதலாவது, எழுத்துக்கூட்டு. முகம்மது என்ற ஒரே திருநாமத்தை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். நமக்கு எல்லாம் ஒன்றே; கணினிக்கு அவை வெவ்வேறு மனிதர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டையே எல்லா இடத்திலும் பின்பற்றுக.

இரண்டாவது, தந்தையின் முதலெழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் என்பது இல்லை. சிலருடைய பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். அத்தகையோரை வருகை விசாவில் ஏற்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது பலர் விமான நிலையம் வரை சென்று கலங்கினார்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போதே முதலெழுத்தை விரித்து, தந்தை பெயரை முழுமையாகச் சேர்த்துவிடுவது நலம். திருமணத்துக்குப்பின் பெண் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் மார்க்கத்திலும் இல்லை, சட்டத்திலும் இல்லை. மாற்றுவதாயின் எல்லா ஆவணங்களிலும் மாற்றுக. இல்லையேல் எதிலும் மாற்றற்க.

மூன்றாவது, தேதி. மஃரிபுக்குப் பின் நடக்கும் நிக்காஹில் ஹிஜ்ரி தேதி அடுத்த நாளுக்குரியதாகிவிடும். ஆங்கிலத் தேதி நள்ளிரவு வரை மாறாது. வியாழன் இரவு நடந்த நிக்காஹை வெள்ளிக்கிழமையின் ஆங்கிலத் தேதியில் எழுதிவிடுவோர் உண்டு. அழைப்பிதழில் ஒரு தேதியும் சான்றிதழில் ஒரு தேதியும் இருந்தால், பின்னர் யாருக்கு விளக்கிக்கொண்டிருப்பது?

அரசுப் பதிவைத் தள்ளிப்போடாதீர்

"நிக்காஹ்தான் முடிந்துவிட்டதே, சர்க்கார் பதிவு எதற்கு?" என்று கேட்போர் இன்னும் இருக்கிறார்கள். அல்லாஹ்விடத்தில் நிக்காஹ் நிறைவேறிவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் வேற்று நாட்டின் அதிகாரிக்கு அதற்கான சாட்சி காகிதமே. எல்லா மதத்தினரின் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியது. அதன்படி, தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. திருமண நாளிலிருந்து 90 நாள்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால், கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. நிக்காஹ் முடிந்த இரண்டாம் வாரமே மாப்பிள்ளை விமானம் ஏறிவிடும் ஊர் நம்முடையது. ஆகவே திருமண நாள் குறிக்கும்போதே பதிவுக்கும் ஒரு நாள் குறித்துவிடுங்கள். ஜமாஅத் சான்றிதழ், வயது மற்றும் முகவரிச் சான்றுகள், புகைப்படங்கள், சாட்சிகளின் அடையாள அட்டை ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்க.

இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிந்துகொள்ளலாம் என்று சிலர் யோசனை கூறுவதுண்டு. அவ்வழி உண்டு என்பது மெய்யே. ஆனால் அதில் கையெழுத்திடுவதற்கு முன் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: அச்சட்டத்தின் கீழ்ப் பதியப்பட்ட தம்பதியரின் சொத்துக்கு, நம் ஷரீஅத்தின் வாரிசுப் பங்கீடு அன்றி, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். ஆகவே முதலில் மாவட்டப் பதிவாளரையும் நம்பிக்கையான வழக்கறிஞரையும் ஓர் ஆலிமையும் கலந்து ஆலோசித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

சான்றொப்பம் என்னும் சங்கிலி

பதிவுச் சான்றிதழ் கையில் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. ஒரு நாட்டின் சார்பதிவாளர் கையெழுத்தை மற்றொரு நாட்டின் அதிகாரி அறியமாட்டார். ஆகவே ஒருவர் கையெழுத்தை அடுத்தவர் உறுதி செய்யும் சங்கிலி ஒன்று தேவைப்படுகிறது. அமீரகம் செல்வோருக்கு அந்தச் சங்கிலி நான்கு கண்ணிகளைக் கொண்டது: முதலில் மாநில அரசின் சான்றொப்பம்; அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சகம்; மூன்றாவது இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம்; இறுதியாக அமீரகம் சென்றபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம். இந்த வரிசை மாறக்கூடாது. அதன்பின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் அரபு மொழிபெயர்ப்புப் பெற வேண்டும். அரபு ஓத எழுதத் தெரிந்த நம் ஊர் ஆலிம்களின் மொழிபெயர்ப்பு, என்னுடையது உட்பட, அங்கே செல்லாது.

சவூதி அரேபியாவுக்குச் செல்வோருக்கு இது சற்று எளிது. அந்நாடு 2022 டிசம்பர் முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை இருந்தால் தூதரகச் சான்றொப்பம் தேவையில்லை. ஓமானும் பஹ்ரைனும் அவ்வுடன்படிக்கையில் முன்னரே உள்ள நாடுகள்.

மனைவி பட்டம் பெற்றவராயின், அவருடைய பட்டச் சான்றிதழுக்கும் இதே வேளையில் சான்றொப்பம் பெற்றுவிடுங்கள். பின்னர் அங்கே ஆசிரியையாகவோ செவிலியராகவோ பணி செய்ய விரும்பினால், அதற்காக மீண்டும் ஊருக்கு ஓடிவர வேண்டியிராது.

ஏஜெண்டுகளிடம் கொடுப்போர் ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனித்தனி ரசீது கேட்டுப் பெற வேண்டும். மூலச் சான்றிதழைக் கொடுக்குமுன் இருபுறமும் நகல் எடுத்து வைக்க வேண்டும். "முத்திரையெல்லாம் நாங்களே போட்டுவிடுவோம், இரண்டே நாள்" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அமீரகம் கேட்பது என்ன?

கணவருக்குச் செல்லத்தக்க வதிவிட விசா இருக்க வேண்டும். மாத வருமானம் குறைந்தது 4,000 திர்ஹம். அல்லது 3,000 திர்ஹத்துடன் நிறுவனம் தரும் தங்குமிடம். வீட்டு வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் முறைப்படி பதியப்பட்டிருக்க வேண்டும். நான்கு பேர் கூடிக் கட்டில் வாடகைக்கு இருக்கும் அறையைக் காட்ட இயலாது. ஆகவே மனுவுக்கு முன்பே வீடு பார்க்கும் வேலையைத் தொடங்க வேண்டும். துபாயில் குடியேற்ற இயக்குநரகமும், ஏனைய ஆறு அமீரகங்களில் கூட்டாட்சி ஆணையமும் மனுக்களைப் பெறுகின்றன.

அனுமதி கிடைத்து மனைவி அங்கு இறங்கிய நாளிலிருந்து 60 நாள்களுக்குள் மருத்துவப் பரிசோதனை, எமிரேட்ஸ் அடையாள அட்டைக்கான கைரேகை, வதிவிடப் பதிவு எல்லாம் முடிந்தாக வேண்டும். மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டும் வழக்கம் 2022இல் நின்றுவிட்டது. அடையாள அட்டையே இப்போது சான்று. மருத்துவப் பரிசோதனையில் இரத்தமும் மார்பு ஊடுகதிர்ப் படமும் பார்ப்பார்கள். முன்பு காசநோய் கண்டு குணமானவர்கள், சிகிச்சைச் சீட்டுகளை உடன் கொண்டு செல்வதோடு, புறப்படுமுன் இங்கேயே ஒரு மருத்துவரைக் கண்டு தெளிவு பெற வேண்டும். கருவுற்றிருக்கும் பெண், படம் எடுக்குமுன் கூச்சப்படாமல் அதைச் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு அப்படம் எடுப்பதில்லை.

இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. இக்கட்டுரையையும் இறுதிச் சொல்லாகக் கொள்ளாமல், மனுச் செய்யும் வாரத்தில் அந்நாட்டு அரசின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறைத் தோழர் சொல்வதைக் கேட்டு மூன்றாண்டு இழந்தவரின் கதையை மறந்துவிடாதீர்கள்.

குறுக்கு வழி வேண்டாம்

சம்பளம் சற்றுக் குறைவு. "ஒப்பந்தத்தில் மட்டும் கூட்டி எழுதித் தருகிறோம்" என்கிறார் ஒருவர். சான்றிதழில் தேதி பொருந்தவில்லை. "ஓர் எழுத்தைத் திருத்தினால் போதும்" என்கிறார் இன்னொருவர். "சுற்றுலா விசாவில் கூட்டி வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மூன்றாமவர்.

சம்பளம் வங்கி வழியாகவே வருவதால் கூட்டி எழுதியது வங்கிக் கணக்கில் வெளிப்பட்டுவிடும். ஆவணத்தைத் திருத்துவது அங்கே சிறைக்கும் நாடு கடத்தலுக்கும் உரிய குற்றம். விசாக் காலம் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். ஒரு மாதத்துக்கே 1,500 திர்ஹம். இவை உலகியல் கணக்குகள். ஹலாலான மனைவியை ஹராமான காகிதத்தின் மேல் அழைத்து வந்தால் அந்த வீட்டில் நிம்மதி தங்குமா என்பதை உங்கள் உள்ளத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் திடுக்கிடும் வாழ்க்கைக்காகவா அவளைக் கடல் கடந்து அழைத்தீர்கள்?

காத்திருக்கும் நாள்களில்

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் சில மாதங்கள் காத்திருக்க நேரிடும். அக்காலத்தில் தம்பதியர் கைக்கொள்ள வேண்டியவை சில.

ஆவணங்கள் அனைத்தின் நகலும் இருவரிடமும் இருக்கட்டும். மனைவியும் எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். பதிவு அலுவலகத்துக்கு மாமனாரை மட்டும் அனுப்பாமல் அவரும் உடன் செல்வது நலம். நாளைக்கு அயல்நாட்டில் அலுவலகப் படியேற வேண்டியவர் அல்லவா?

தொலைபேசியில் விசா ஒன்றையே பேசிக்கொண்டிருந்தால் சலிப்பும் சண்டையும் மூளும். "இன்று என்ன ஆயிற்று?" என்று மனைவி கேட்பதும், "என்னை நம்பவில்லையா?" என்று கணவர் சீறுவதும் நான் அறியாததன்று. வாரத்தில் ஒரு நாளை இந்தப் பேச்சுக்கென ஒதுக்கிவிட்டு, ஏனைய நாள்களில் கணவன் மனைவியாகப் பேசுங்கள். தடங்கல் ஏதும் நேர்ந்தால் அன்றே உண்மையைச் சொல்லிவிடுங்கள். மனு திரும்பியதை மறைத்து, "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று சொல்லிவந்த ஒரு கணவர், விசாவை இறுதியில் பெற்றார். மனைவியின் நம்பிக்கையைத் திரும்பப் பெற அதைவிட நீண்ட காலம் ஆயிற்று.

மாமியார், நாத்தனார் ஆகியோருக்கும் ஒரு வேண்டுகோள். காத்திருக்கும் மருமகள் உங்கள் வீட்டில் ஓர் அமானிதம். "இன்னும் அழைக்கவில்லையா?" என்று வருவோரெல்லாம் அவளைக் கேட்கும்போது, அவளுக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லுங்கள்.

சென்று சேர்ந்த பின்

அங்கே சென்றபின் கணவர் செய்ய வேண்டிய முதல் வேலை, மனைவியின் பாஸ்போர்ட்டையும் அடையாள அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் அவர் கையிலேயே கொடுப்பது. காலையில் கணவர் போய் இரவில் திரும்பும் வீட்டில் பன்னிரண்டு மணி நேரம் தனித்திருப்பவர் அவர். அருகிலுள்ள மருத்துவமனை, கடை, இந்தியத் துணைத் தூதரகம் ஆகியவற்றுக்கு முதல் மாதத்திலேயே ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

மனைவியின் விசா கணவருடைய விசாவைச் சார்ந்தே நிற்கும். கணவர் வேலையை விடும்போது மனைவியின் விசாவை முதலில் முறைப்படி ரத்துச் செய்ய வேண்டும். பிரசவத்துக்கோ வேறு காரணத்துக்கோ ஊருக்கு வந்த பெண், 180 நாள்களுக்கு மேல் இங்கேயே தங்கிவிட்டால் வதிவிட உரிமை இழக்க நேரிடும். மனைவி வேலைக்குச் செல்ல விரும்பினால், வேலை தரும் நிறுவனம் அவருக்குத் தனியே பணி அனுமதி பெற வேண்டும். அது இல்லாமல் வேலை செய்யக் கூடாது.

அல்லாஹ் காப்பானாக, கணவர் இறந்துவிட்டாலோ மணவிலக்கு நேர்ந்துவிட்டாலோ, பெண் அன்றே வெளியேற்றப்படுவாள் என்று அஞ்ச வேண்டியதில்லை. விதவையரும் மணவிலக்குப் பெற்றோரும் பொறுப்பாளர் இன்றியே ஓராண்டு தங்கியிருக்க மனுச் செய்யும் வசதியை அமீரகம் 2018இல் ஏற்படுத்தியது. இதை ஒவ்வொரு பெண்ணும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

வருமானம் போதாதவர்களுக்கு

ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு திர்ஹத்துக்கு உழைக்கும் சகோதரர்கள் பலர் இதைப் படித்துப் பெருமூச்சு விடக்கூடும். சவூதியில் உள்ளோருக்கோ வேறு ஒரு சுமை: 2017இல் மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய குடும்ப உறுப்பினர் கட்டணம் 2020இல் 400 ரியால் ஆயிற்று. மனைவி ஒருவருக்கே ஆண்டுக்கு 4,800 ரியால். அக்காலத்தில் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டவர் பலர்.

உங்களுக்கு நான் கூறுவது இதுவே. கடன் வாங்கி அழைக்காதீர்கள். ஆனால் பிரிவுக்கு ஓர் எல்லை வையுங்கள். எத்தனை ஆண்டு, எவ்வளவு சேமிப்பு, அதன்பின் ஊரில் என்ன தொழில் என்பதை இருவரும் அமர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். தங்கைக்கு வீடு, தம்பிக்குக் கடை என்று அந்த எல்லையை ஆண்டுதோறும் தள்ளிவைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். நீண்ட விடுப்பை இரண்டாகப் பிரித்து ஆண்டுக்கொருமுறை வர இயலுமா என்று முதலாளியிடம் கேட்டுப்பாருங்கள். கேட்பதில் குற்றமில்லை.

இறுதியாக ஒரு செய்தி. அந்தத் துணிப்பையிலிருந்த காகிதங்களை வரிசைப்படுத்தி, ஒரு தாளில் செய்ய வேண்டியவற்றை எண்ணிட்டு எழுதிக் கொடுத்தேன். மாப்பிள்ளையிடமும் தொலைபேசியில் பேசினேன். அவர் முதலில் நம்பவில்லை. பின்னர் தாமே அலுவலகம் சென்று விசாரித்தார். தம் உம்மாவிடம் மாதத் தொகை பற்றிப் பேசவும் அவருக்குச் சில நாள் தேவைப்பட்டது. சான்றொப்பங்கள் முடிய இரண்டு மாதங்கள் ஆயின.

சென்ற மாதம் அந்தப் பெரியவர் மீண்டும் மதரஸாவுக்கு வந்தார். கையில் பை இல்லை. மகளைத் திருச்சி விமான நிலையத்தில் ஏற்றிவிட்டு நேரே வருவதாகச் சொன்னார். "வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஹஜ்ரத்" என்றார். கண் கலங்கியிருந்தது. ஆனால் அல்ஹம்துலில்லாஹ் என்றும் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் அப்படி ஒரு பை இருக்கிறதா? இன்றிரவே எடுத்துப் பாருங்கள். இருவரின் பெயரும் தேதியும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்குங்கள். அல்லாஹ் நம் இல்லங்களைப் பிரிவின்றிச் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.